அந்த மேகசின் எந்தத் துப்பாக்கிக்கு?

நம் கல்லூரியில் 'மேகசின்' என்று சொன்னால் ஆண்டு மலர் என்றுதான் அர்த்தம். நான் படித்த நாளிலும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். ஆகவே, சங்கத்தின் கண்காட்சிக் குழுவிலிருந்து, "சார், பழைய என்.சி.சி. அறையைக் காலி பண்ணும்போது ஒரு மேகசின் கிடைச்சிருக்கு, நீங்க வந்து பார்த்துச் சொல்லணும்" என்று போன் வந்தபோது, எந்த வருடத்து மலர், அட்டை இருக்கிறதா, கரையான் அரித்திருக்கிறதா என்றெல்லாம் விசாரித்தேன். மறுமுனையில் ஒரே சிரிப்பு. "புஸ்தகம் இல்ல சார், துப்பாக்கியில மாட்டுறது!"

என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்றால், முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு சொல்லிக் கொடுத்தவன் என்பது ஒன்று, 1965-ல் பி.யூ.சி.யில் சேர்ந்து என்.சி.சி. உடுப்புப் போட்டவன் என்பது இன்னொன்று. எங்கள் காலத்தில் என்.சி.சி. விருப்பப்பட்டுச் சேர்வதில்லை. 1948-ல் தொடங்கிய அந்தப் படையைச் சீனப் போருக்குப் பிறகு 1963-ல் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டாயமாக்கிவிட்டார்கள். 1968-ல்தான் கட்டாயம் போயிற்று. அதே 1968 ஜனவரியில் நம் சட்டமன்றம் நிறைவேற்றிய மொழித் தீர்மானத்தில் என்.சி.சி.யின் இந்திக் கட்டளைச் சொற்களும் அடிபட்டன என்பது இன்றைய மாணவர்களுக்குத் தெரிந்திருக்காது. 'சாவ்தான்', 'விஷ்ராம்' என்று கத்திய வாத்தியார்களும், அதைக் கேட்டு முகம் சுளித்த மாணவர்களும் ஒரே மைதானத்தில் நின்ற காலம் அது. அதைத் தனிக் கட்டுரையாகவே எழுத வேண்டும்.

போய்ப் பார்த்தேன். ஒரு தகரப் பெட்டி. மூடியில் வெள்ளைப் பெயிண்டில் '303' என்று எழுதி, பாதி உதிர்ந்திருந்தது. உள்ளே எண்ணெய்க் கறை படிந்த காக்கித் துணியில் சுற்றிய இரும்புக் கூடு ஒன்று. அதோடு மூன்று போலித் தோட்டாக்கள். மருந்து இல்லாதவை, பக்கவாட்டில் பள்ளம் இழுத்து அதில் சிவப்புச் சாயம் பூசியவை. ஐந்து தோட்டாவைக் கோத்து வைக்கும் தகடு ஒன்று. அதை நாங்கள் கிளிப் என்போம். புத்தகத்தில் சார்ஜர்.

கண்காட்சிக் குழுவின் நண்பர் (என் வகுப்பு இல்லை, மூன்று வருடம் இளையவர், சுறுசுறுப்பான மனிதர்) அதற்குள் அட்டையே அச்சடித்து வைத்திருந்தார். 'இரண்டாம் உலகப் போரில் நம் கல்லூரி மாணவர்கள் ஏந்திய 303 துப்பாக்கியின் மேகசின்.' கூடத்தில் நாமெல்லாம் பார்த்துப் பார்த்துப் பழகிய தேக்குப் பலகை இருக்கிறதே, அந்தப் போரில் உயிரிழந்த பழைய மாணவர்களின் பெயர்கள் தங்க எழுத்தில் உள்ளது, அதன் அடியில் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதாகத் திட்டம்.

கூட்டைக் கையில் எடுத்ததுமே எனக்கு ஏதோ உறுத்தியது. 303-ஐத் தோளில் சுமந்து மைதானம் சுற்றியவனுக்கு அதன் வயிற்றுப் பகுதி எப்படி இருக்கும் என்று கை சொல்லும். ஏறக்குறைய நான்கு கிலோ எடையுள்ள அந்தத் துப்பாக்கியைப் பிடிக்கும்போது விரல் போய் முட்டுகிற இடம் அது. 303-ன் மேகசினுக்கு அடிப்பக்கம் சாய்வாக இருக்கும். இது சாயவில்லை. செங்கல் மாதிரி சதுரமாக இருந்தது.

"எல்லாம் பழசு சார், அந்தக் காலத்துல பல மாதிரி பண்ணியிருப்பான்" என்றார் நண்பர்.

முதலில் செய்ய வேண்டியதைச் செய்தோம். துப்பாக்கியின் உதிரிப் பாகம் எதுவாக இருந்தாலும் நாமாக வைத்துக்கொள்ளக் கூடாது. ஆயுதச் சட்டம் 1959 பாகங்களையும் சேர்த்தே பேசுகிறது. என்.சி.சி. பொறுப்பாசிரியை அன்றே பட்டாலியனுக்குத் தகவல் சொன்னார். அவர்கள் ஆள் அனுப்புவதற்குள் இரண்டு நாள் இருந்தது. அந்த இரண்டு நாளில், அவர் முன்னிலையில், நாங்கள் சில அளவெடுப்புகளைச் செய்தோம்.

இயற்பியல் ஆய்வகத்திலிருந்து வெர்னியர் காலிப்பர் வந்தது. வரலாற்று மாணவன் நான் அதைத் தொட்டு ஐம்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆயிற்று. வாசிப்பை எடுத்துத் தந்தது மூன்றாமாண்டு இயற்பியல் படிக்கும் ஒரு என்.சி.சி. மாணவி. போலித் தோட்டாவின் அடியில் தட்டு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு, அதாவது ரிம், குறுக்களவு 13.7 மில்லிமீட்டர். ரிம்முக்கு மேலே உடம்பு 11.7. கழுத்து குறுகத் தொடங்கும் தோள் பகுதியில் 10.2. கூட்டின் நீளம் 56. சந்தேகமே இல்லை, போலித் தோட்டாக்கள் 303-தான். பெட்டியின் மேல் எழுதியிருந்ததும் பொய் இல்லை.

இந்த எண்களில்தான் விஷயம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். அடியில் 11.7, தோளில் 10.2 என்றால் அந்தத் தோட்டா நேரான குழாய் அல்ல, கேரட் மாதிரி மெல்ல ஒடுங்குகிறது. போதாததற்கு அடியில் ரிம் வேறு துருத்திக்கொண்டு நிற்கிறது. இப்படிப்பட்டவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் பின்பக்கம் உயர்ந்துகொண்டே போகும், மூக்குப் பக்கம் தாழ்ந்தே நிற்கும். அடுக்கு நேராக நிற்காது. விசிறி மாதிரி விரியும். பத்துத் தோட்டாவுக்கு மேகசினின் அடி சாய்ந்தால் போதும். முப்பது தோட்டா என்றால் மேகசினே வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும். இரண்டாம் உலகப் போர்ப் படங்களில் பிரென் துப்பாக்கியின் தலையில் கொம்பு மாதிரி வளைந்த மேகசின் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்காக அப்படிச் செய்யவில்லை. அதுவும் இதே 303 தோட்டாவைத்தான் தின்றது.

ஆக, ஒரு மேகசினின் வடிவம் என்பது அதற்குள் போகும் தோட்டாவின் நிழல். சாய்ந்த அடி, வளைந்த உடம்பு என்றால் உள்ளே ஒடுங்கிய தோட்டா. சதுரம் என்றால் உள்ளே நேரான தோட்டா. எங்கள் பெட்டியிலிருந்தது சதுரம். போலித் தோட்டாக்களை அதனுள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்தினோம். ரிம் பக்கம் ஏறிக்கொண்டது, மூக்குப் பக்கம் தொங்கியது. இந்தக் கூடு 303-க்குச் செய்ததல்ல.

அப்படியானால் எதற்கு? காவல்துறையில் இருந்து ஓய்வுபெற்ற சங்க உறுப்பினர் ஒருவர் அங்கே இருந்தார். "இது எங்க ஃபோர் டென் மஸ்கட்டோடதா இருக்கும்" என்றார். தவறான யூகம்தான், ஆனால் அற்புதமான யூகம். அதைச் சொல்லாமல் மேலே போக மனமில்லை.

410 மஸ்கட் என்பது வெளியில் பார்க்க அசல் 303 மாதிரியே இருக்கும். 303 துப்பாக்கியின் குழலை உள்ளே வழவழப்பாக, 410 அளவுக்குப் பெரிதாக்கி, காவல்துறைக்கும் சிறைக் காவலர்களுக்கும் என்று இச்சாப்பூர் தொழிற்சாலையில் மாற்றியமைத்தார்கள். 303 தோட்டாவின் கழுத்தைக் குறுக்காமல் நேராக விட்ட தனித் தோட்டா அதற்கு. கடையில் கிடைக்காது, ராணுவத்தின் 303 அதில் சரிப்படாது. துப்பாக்கி காணாமல் போனாலும் எடுத்தவனுக்குத் தோட்டா கிடைக்கக் கூடாது என்ற ஏற்பாடு. மேகசின் இருந்த இடத்தில் ஒரு மரக்கட்டையை வைத்து அடைத்துவிட்டார்கள். ஒரு தடவைக்கு ஒரே தோட்டா. சுட்ட பிறகு மறுபடி கையால் போட வேண்டும். பத்துக் குண்டு பிடிக்கும் வயிற்றைக் கட்டையால் அடைத்து அதைக் காவலர் கையில் கொடுத்தது யார் மேல் இருந்த பயத்தால் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளைக்காரனுக்கு அந்தப் பயம் 1857-லிருந்து உண்டு. அதுவும் ஒரு தோட்டாவில்தானே தொடங்கியது! சியால்தாவிலிருந்து வடக்கே போகும் ரயில் பாதையில் டம்டம், பாரக்பூர், இச்சாப்பூர் என்று மூன்று நிலையங்கள் வரும். கொழுப்புத் தடவிய என்ஃபீல்டு தோட்டாவைப் பற்றிய வதந்தி 1857 ஜனவரியில் டம்டத்தில் கிளம்பியது. மார்ச் 29-ல் பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கியைத் தூக்கினார். உலகமே வெறுத்த டம்டம் குண்டு, அதாவது உடம்பில் பட்டதும் மலரும் குண்டு, 1890களில் அதே டம்டம் தொழிற்சாலையில் பிறந்து, 1899 ஹேக் மாநாட்டில் தடைக்கு உள்ளானது. மூன்றாவது நிலையமான இச்சாப்பூரில் ஒரு காலத்தில் வெடிமருந்து ஆலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து துப்பாக்கித் தொழிற்சாலை.

1857-க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்க்கு எப்போதும் ஒரு தலைமுறை பழைய ஆயுதம்தான் என்பது எழுதாத விதி. வெள்ளைச் சிப்பாயிடம் மார்ட்டினி-ஹென்றி இருந்தபோது நம்மவரிடம் ஸ்னைடர். அவர்களிடம் மேகசின் வைத்த லீ-மெட்ஃபோர்டு வந்தபோது நம்மவரிடம் மார்ட்டினி. எண்ணிச் சுடுகிறவன் கையில் மேகசினைக் கொடுக்கலாம், மற்றவனுக்கு ஒற்றைக் குண்டு போதும் என்ற கணக்கு.

ஆனால் நியாயமாகச் சொன்னால், தங்கள் சொந்தச் சிப்பாயையும் அவர்கள் முழுதாக நம்பிவிடவில்லை. மேகசின் பெட்டியைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் பாரிஸ் லீ. 1831-ல் ஸ்காட்லாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர். 1879-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். துப்பாக்கியின் வயிற்றில் ஒரு தகரப் பெட்டி, உள்ளே ஒரு வில், வில்லின் மேல் தோட்டாக்கள், இவ்வளவுதான் விஷயம். இன்றுவரை உலகத்தில் அதை மிஞ்சிய ஏற்பாடு வரவில்லை. 1888-ல் பிரிட்டன் அதை ஏற்றுக்கொண்டபோது கூடவே குறுக்கே ஒரு தகடும் வைத்தது. தகட்டைத் தள்ளினால் மேகசின் மூடிக்கொள்ளும். ஒவ்வொரு குண்டாகக் கையால் போட்டுத்தான் சுட வேண்டும். மேகசினில் உள்ளது அவசரத்துக்கான சேமிப்பு. சிப்பாய் கண்டபடி சுட்டுத் தீர்த்துவிடுவான் என்று தளபதிகளுக்குக் கவலை. ஆரம்ப காலத் துப்பாக்கிகளில் மேகசின் தொலையாமலிருக்க அதைச் சங்கிலிக் கண்ணியால் கட்டியும் வைத்தார்கள். நம் தபால் நிலையத்தில் பேனாவை நூலில் கட்டி வைத்திருந்தார்களே, அந்த மாதிரி! முதல் உலகப் போரின் நடுவில் தகடு மறைந்தது. அதற்குள் 1914-ல், நிமிடத்துக்குப் பதினைந்து குண்டு குறிபார்த்துச் சுடப் பயிற்சி பெற்ற பிரிட்டிஷ் காலாட்படை, அந்தக் கவலை வீண் என்று காட்டிவிட்டது.

சரி, எங்கள் பெட்டிக்கு வருகிறேன். 410-ன் அடைப்புக் கட்டை இதில் இல்லை, கட்டை பொருத்திய அடையாளமும் இல்லை. எஸ்.எல்.ஆர். துப்பாக்கியின் மேகசினா என்று பார்த்தால் அது இருபது தோட்டா பிடிக்கும் நீளமான சமாச்சாரம், மாட்டும் முறையே வேறு. இதன் பின்விளிம்பிலோ லீயின் மேகசினுக்கே உரிய முதுகெலும்பும் கொக்கிப் பள்ளமும் இருந்தன. பொறுப்பாசிரியை அனுமதி வாங்கி எடுத்து வந்த பயிற்சித் துப்பாக்கியின் (சுட முடியாதபடி ஆக்கப்பட்ட பழைய 303) மேகசினைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தோம். அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. ஒரே சாடை, தம்பிக்கு மட்டும் அடி சதுரம்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. லீ-என்ஃபீல்டு உடம்பு, ஆனால் ஒடுங்காத, ரிம் துருத்தாத தோட்டா. அப்படி ஒரு துப்பாக்கியை இதே இச்சாப்பூரில், சுதந்திர இந்தியாவில் செய்தார்கள். 7.62 மில்லிமீட்டர் 2ஏ. அதன் சற்றே திருத்திய வடிவம் 2ஏ1.

1962 அக்டோபர் 20-ல் சீனப் படை தாக்கியது. நவம்பர் 21-ல் அவர்களே போர்நிறுத்தம் அறிவித்தார்கள். நடுவில் ஒரு மாதம். தானாகவே அடுத்த குண்டை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகள் எதிரி கையில். நம்மவர் கையில் ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டிய 303. லடாக்கின் ரேஜாங் லாவில் நவம்பர் 18 அன்று மேஜர் ஷைத்தான் சிங்கின் தலைமையில் 13-வது குமாவுன் படைப்பிரிவின் நூற்றுக்கும் மேற்பட்டோர் மடிந்தது அந்த 303-ஐப் பிடித்துக்கொண்டுதான். தோல்விக்குத் துப்பாக்கி மட்டும் காரணமா என்றால், இல்லை. கம்பளி உடுப்பு இல்லை, சாலை இல்லை, மேலிடத்தின் கணிப்புத் தவறு. வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஆனாலும் அந்தப் போருக்குப் பிறகு முதலில் மாறியவற்றில் ஒன்று தோட்டா.

நேட்டோ நாடுகள் 1954-ல் ஏற்றுக்கொண்ட 7.62 தோட்டாவை, நேட்டோவில் இல்லாத இந்தியாவும் எடுத்துக்கொண்டது. அதன் கூடு 51 மில்லிமீட்டர்தான். அடியில் 11.9, தோளில் 11.5, ஒடுக்கம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. ரிம் 12.0, அதாவது உடம்போடு உடம்பாகவே இருக்கும், பிடித்து இழுக்க ஒரு பள்ளம் மட்டும் வெட்டியிருக்கும். இதை எத்தனை அடுக்கினாலும் செங்கல் அடுக்கினாற்போல் நேராக நிற்கும்.

எல்லோருக்கும் எஸ்.எல்.ஆர். கொடுப்பதுதான் ஆசை. அதற்குப் புது இயந்திரம், நாள், பணம் எல்லாம் வேண்டும். லீ-என்ஃபீல்டு செய்யும் இயந்திரங்களும் கை பழகிய தொழிலாளர்களும் இச்சாப்பூரில் ஏற்கெனவே இருந்தார்கள். ஆகவே அதே உடம்பை, புதுத் தோட்டாவின் கூடுதல் அழுத்தத்தைத் தாங்க இன்னும் உறுதியான எஃகில் வார்த்து, குழலை மாற்றி, ரிம் இல்லாத தோட்டாவைக் கவ்வி இழுக்கும்படி கொக்கியைத் திருத்தி, மேகசினைச் சதுரமாக்கினார்கள். குறிகாட்டியின் எல்லையை 2000-லிருந்து 800 மீட்டராகக் குறைத்தபோது அதன் பெயர் 2ஏ1 ஆயிற்று. இரண்டாயிரம் மீட்டர் தூரத்தில் இருப்பவனை யார் குறிபார்த்துச் சுடப் போகிறார்கள், சரியான முடிவுதான். 1960களின் நடுவிலிருந்து சுமார் பத்து வருடம் அந்தத் துப்பாக்கி உற்பத்தியாயிற்று. ஒட்டு வேலை என்று கேலி செய்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கட்டை வைத்து மேகசினை அடைத்த அதே தொழிற்சாலையில், யாரையும் கேட்காமல், நம் தேவைக்கு நாமே வடிவம் கொடுத்த மேகசின் அது.

மூன்றாம் நாள் பட்டாலியனிலிருந்து ஆர்மரர் வந்தார். துணியை விலக்கிப் பார்த்ததும், வெர்னியர் எதுவும் கேட்காமல், "தோ ஏ ஏக்" என்றார். அதாவது 2ஏ1. எனக்கு இரண்டு நாள் ஆனது அவருக்கு இரண்டு விநாடி. உள்ளே வில் இல்லை, கழிவு என்று எழுதித் தள்ளிய சரக்கு, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். கண்காட்சி முடிந்ததும் பட்டாலியனில் ஒப்படைக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

ஆக, அட்டையில் அச்சடித்தது தவறு. உலகப் போர் முடிந்து பதினெட்டு வருடம் கழித்துக்கூட இந்த மேகசின் பிறந்திருக்கவில்லை என்று சொல்லலாம். நண்பருக்கு முகம் வாடிவிட்டது. "யாருக்கு சார் தெரியப் போகுது? அந்தப் பலகைக்குக் கீழ ஒரு பொருள் இருந்தா பசங்க நின்னு பார்ப்பாங்க" என்றார். அவர் எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் பலகையில் உள்ள பெயர்கள் உண்மை. அதற்குக் கீழே பொய்யான ஒரு பொருளை வைத்தால், நாளைக்கு ஒருவன் பொருளைக் கண்டுபிடித்துவிட்டுப் பெயர்களையும் சந்தேகிப்பான். அதைச் சொன்னேன். வாக்குவாதம் கொஞ்சம் காரமாகவே போயிற்று என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இது எப்படி நம் கல்லூரிக்கு வந்தது என்ற கேள்வி பாக்கி. 1980களில் இங்கே என்.சி.சி. பொறுப்பாசிரியராக இருந்தவர் என் வகுப்புத் தோழன். அவனும் நானும் 1965-ல் ஒரே வரிசையில் நின்றவர்கள். பிறகு அவன் இங்கேயே வேதியியல் விரிவுரையாளர். ஓய்வுபெற்று மகள் வீட்டில் இருக்கிறான். போன் போட்டேன்.

"டேய், தகரப் பெட்டியா? மூடியில 303-ன்னு வெள்ளைப் பெயிண்ட்டுல இருக்குமே?"

"ஆமா."

"என் கையெழுத்துடா அது! உள்ள நாலு டம்மி இருக்கணுமே?"

"மூணுதான் இருக்கு."

"ரிம் இல்லாதது ஒண்ணு தனியா இருக்கும். அதைத் தொலைச்சுட்டானுங்களா?" என்று அலுத்துக்கொண்டான்.

காம்டியில் பொறுப்பாசிரியர் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தபின், பட்டாலியன் ஆர்மரரிடம் கெஞ்சி, வில் போன 2ஏ1 மேகசின் ஒன்றையும் ஒரு 7.62 போலித் தோட்டாவையும் பாடம் நடத்த வாங்கி வைத்தானாம். ஒவ்வொரு வருடமும் புது மாணவர்களுக்கு முதல் வகுப்பு இதுதான்: ரிம் உள்ளது, ரிம் இல்லாதது. 303-ஐ நிரப்பும்போது மேல் தோட்டாவின் ரிம் கீழ்த் தோட்டாவின் ரிம்முக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் மாட்டிக்கொண்டால் போல்ட் தள்ளும்போது இரண்டும் பூட்டிக்கொள்ளும், துப்பாக்கி நின்றுவிடும். எங்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுத்தார்கள், நாங்களும் 'சி' சான்றிதழ் வாங்கும்வரை ஞாபகம் வைத்திருந்தோம், பிறகு மறந்தோம். இவன் மறக்கவில்லை.

"ரிம்முல அவ்வளவு என்னடா உனக்கு?" என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"எங்க அண்ணன் நேஃபாவுல போனான்ல" என்றான்.

எனக்குத் தெரியாது. மூன்று வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே விடுதிச் சாப்பாட்டைச் சாப்பிட்டவன். ஒரு அண்ணன் இருந்தார், இறந்துவிட்டார் என்ற அளவில்தான் தெரியும். 1962 நவம்பரில் அவர் நேஃபாவில், இன்றைய அருணாசலப் பிரதேசத்தில், இறந்தார். தந்தி வந்தபோது இவன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். அதற்கு முந்தைய விடுப்பில் ஊருக்கு வந்திருந்தபோது, திண்ணையில் உட்கார்ந்து, புளியங்கொட்டைகளை வரிசையாக வைத்து, மேகசினில் தோட்டா எப்படி அடுக்க வேண்டும் என்று தம்பிக்குக் காட்டினாராம். "ரிம் முன்னாடி, ரிம் முன்னாடின்னு சொல்லிக்கிட்டே வைப்பான். கையில விரைப்பு ஏறிடுச்சுன்னா இது ஒண்ணுதான் தப்பாகும்னு சொன்னான். அவன் எப்படிப் போனான், துப்பாக்கி நின்னுச்சா, குண்டு தீர்ந்துச்சா, யாரும் எங்ககிட்ட சொல்லல. நானும் கேட்கல. அந்தச் சதுர மேகசினைக் காம்டியில மொத மொதலாப் பார்த்தப்போ, இதை முன்னாடியே பண்ணியிருக்கக் கூடாதான்னு தோணுச்சு, அவ்வளவுதான்."

"பசங்ககிட்ட இதைச் சொல்லியிருக்கியா?"

"பாடத்தைத்தான் சொல்லுவேன்."

அன்று மாலையே கண்காட்சி நண்பரைப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் பழைய அட்டையைக் கிழித்துப் போட்டார். புது வாசகத்தை அவரே எழுதினார். ஓரிரு சொற்களை மட்டும் நான் திருத்தினேன். 'இச்சாப்பூரில் தயாரான 7.62 மி.மீ. 2ஏ1 துப்பாக்கியின் மேகசின். 1962 போருக்குப் பின் வடிவமைக்கப்பட்டது. நம் என்.சி.சி. வகுப்புகளில் 1980களில் பாடம் நடத்தப் பயன்பட்டது. உடன் உள்ள போலித் தோட்டாக்கள் 303 வகை. இந்த மேகசினுக்கு உரியவை அல்ல.' தோழனின் அண்ணன் பெயரை அவன் போட வேண்டாம் என்றுவிட்டான். நம் கல்லூரியில் படித்தவர் இல்லையே என்றான்.

பலகைக்குக் கீழே வைக்கவில்லை. என்.சி.சி. அறைக்கு வெளியே உள்ள மேசையில், பக்கத்தில் ஒரு வெர்னியர் காலிப்பரோடு வைத்திருக்கிறோம். மாணவர்கள் போலித் தோட்டாவைத் தாங்களே அளந்து பார்க்கலாம். அந்த இயற்பியல் மாணவி உடன் இருப்பார். நான்காவது போலித் தோட்டாவை, ரிம் இல்லாததை, அறை முழுக்கத் தேடியும் காணோம். 1980களிலோ 90களிலோ படித்தவர்கள் யாராவது ஞாபகார்த்தமாக எடுத்துப் போயிருந்தால், யாரும் ஒன்றும் கேட்க மாட்டோம், அந்த மேசையில் கொண்டுவந்து வைத்துவிடுங்கள்.

தோழன் சங்கமத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். முழங்கால் வலியாம், மாடியில் கூட்டம் என்றால் வர மாட்டேன் என்கிறான். கீழ்த்தளத்திலேயே வைக்கச் சொல்லிச் செயலாளரிடம் கேட்டிருக்கிறேன்.